மூன்று இருபதிலிருந்து இடைவேளை வரை

சொர்ணா தியேட்டர்
31 மார்ச் 2024

பானு,

அன்றைக்கு நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது இதுதான்: "கம்பெனில வெடிச்சிருச்சு. உங்க அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக. மாமா வாசல்ல நிக்காரு, எந்திரி."

இதைச் சொல்லி உன்னைக் கூட்டி வரத்தான் அப்பா என் கையில் டார்ச்சைக் கொடுத்து உள்ளே அனுப்பினார். வந்தேன். உன் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். இடைவேளை விட்டு விளக்கு எரிந்த பிறகுதான் உன்னை வாசலுக்குக் கூட்டிப் போனேன். அங்கே உன் மாமா வாயால்தான் நீ கேட்டாய்.

இந்த ஆறு மாதமாக நீயும் உங்கள் தெருவும் நம்பியிருக்கிற கதை வேறு. சோலைமலை மாமா பட்டாசுக் கம்பெனியில் வெடித்த செய்தியோடு ஓடி வந்தார், தியேட்டர்க்காரரான என் அப்பா படம் கெட்டுவிடும் என்று இடைவேளை வரைக்கும் அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்தார், அதற்குள் உன் அம்மாவை மதுரைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது அந்தக் கதை. நானும் அதை மறுக்கவில்லை.

நேற்று பங்குனிப் பொங்கலுக்காகக் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். வருஷா வருஷம் பொங்கலுக்கு மறுநாள் உங்கள் தெருவுக்கு எங்கள் தியேட்டரில் இலவசக் காட்சி உண்டல்லவா? அதைப் பற்றிப் பேச்சு வந்ததும் மாமா எழுந்தார்.

"எங்க அக்கா அங்க உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. இங்கன இவுக படத்த ஓட்டிக்கிட்டு இருந்தாக. இவுக ஓசிப் படம் எங்களுக்கு எதுக்குங்கேன்?"

அப்பா எழுந்து நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நாந்தான் இடைவேளைக்குப் பொறவு சொல்லிக்கிடலாம்னு இருந்துட்டேன். தப்புத்தான். எல்லாரும் மன்னிச்சிருங்க" என்றார்.

நான் அடிகுழாய்ப் பக்கம் பெண்களோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இது இரண்டாவது முறை.

உன் போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று தெரியும். விலாசத்தை உன் அத்தை கோயிலில் வைத்துக் கொடுத்தார். "எதுக்குத்தா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மையும் அதுதான். மன்னிப்புக் கேட்க எழுதுகிறேன் என்றால் அது பாதிதான் சரி. ஊரிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உன்னிடம் சொன்னால் ஊரிடம் சொல்லாமல் தப்பிக்கலாம் என்றுகூட நினைத்திருப்பேனோ என்னவோ.

ஸ்ரீமதி


மில் விடுதி, வேடசந்தூர்
14 ஏப்ரல் 2024

ஸ்ரீமதிக்கு,

கடிதம் கிடைத்தது. வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். "யாரும்மா இது, சினிமாக் கொட்டகையைப் பத்தியே எழுதியிருக்கா?" என்றார். கூடப் படித்தவள் என்றேன். தோழி என்று சொல்ல வாய் வரவில்லை.

உன் வருத்தம் எனக்கு வேண்டாம். எனக்கு மணி வேண்டும். சிவகாசி ஆஸ்பத்திரியில் இருந்து அம்மாவை ஏற்றிய ஆம்புலன்ஸ் புறப்பட்டது நாலு ஐந்துக்கு. அது அங்கே நோட்டில் எழுதியிருக்கிறது, நான் என் கண்ணால் பார்த்தேன். நம் ஊரில் இருந்து பைக்கில் முப்பத்தைந்து நிமிடம். நானும் மாமாவும் போய்ச் சேர்ந்தது நாலரைக்கு. கள்ளிக்குடி தாண்டும்போது அம்மாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. கூட இருந்தது யாரோ ஒரு நர்ஸ். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

மாமா உங்கள் வாசலுக்கு வந்தது சரியாக எத்தனை மணிக்கு? என்ன சொன்னார்? நீ உள்ளே வந்தது எத்தனை மணிக்கு? அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று உனக்குத் தெரியுமா?

இன்னொன்று. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து சேவு தின்றாய். எப்படித் தின்றாய்?

பானுப்பிரியா


சொர்ணா தியேட்டர்
28 ஏப்ரல் 2024

பானு,

கேட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். மாமா வந்தது மூன்று இருபதுக்கு. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே கடிகாரம் இருக்கிறது, நான் பார்த்தேன். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்தபோது மூன்று இருபத்திரண்டோ மூன்றோ இருக்கும். இடைவேளை மூன்று ஐம்பத்திரண்டு. நான் சொல்லியிருந்தால் நாலு மணிக்கு முன்னால் நீ ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாய். இந்தக் கணக்கை நானும் போட்டுவிட்டேன். எத்தனை முறை போட்டாலும் அதேதான் வருகிறது.

மாமா சொன்னது: "அண்ணாச்சி, நம்ம பானு உள்ள இருக்கா? கம்பெனில வெடிச்சிருச்சு. அக்காவுக்குக் கை காலுலதான் காயமாம், பயப்பட ஒண்ணுமில்லன்னாக." எந்த ஆஸ்பத்திரி என்று அவருக்கே அப்போது தெரியவில்லை. போனில் யார் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா என்னைப் பார்த்து, "ஸ்ரீ, போயிக் கூட்டிட்டு வா. பதறாம, பைய சொல்லு" என்றார்.

ஆக, உயிரோடு இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். காயம்தான் என்றும் கேட்டேன். ஆனால் அதை நம்பினேன் என்று எழுதினால் பொய். தியேட்டரில் வளர்ந்தவளுக்கு அது தெரியும். வாசலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் காயம்தான் என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் வீட்டைப் பற்றி உனக்குத் தெரியாததா? சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் திரை. அம்மா சோறு வடிக்கும்போது சுவருக்குள் யாராவது அழுதுகொண்டோ அடித்துக்கொண்டோ இருப்பார்கள். சாப்பாடு, தூக்கம், பாடம் எல்லாம் காட்சி நேரத்துக்கு இடையில்தான். எந்தப் படத்தையும் முதலில் இருந்து முடிவு வரை நான் பார்த்ததில்லை. வசனங்களைச் சுவர் வழியாக மனப்பாடம் செய்துவிட்டு, பிறகு ஒரு நாள் பக்கக் கதவில் நின்று, ஓ, இந்த முகம்தான் அதைச் சொன்னதா என்று பார்ப்பேன். எனக்கு எதுவும் முதலில் குரலாகத்தான் வரும்.

உனக்குத் தெரியாதது பெயர் எழுதுகிற வேலை. எட்டு வயதில் அதுதான் என் வேலை. உள்ளே படம் பார்க்கும் ஆளைத் தேடி யாராவது வந்தால், மை தடவிய சின்னக் கண்ணாடித் துண்டில் ஊசியால் பெயரைக் கீறி, ஆபரேட்டர் ஒச்சப்பன் அண்ணனிடம் கொடுப்பேன். திரையில் எழுத்து விழும்: 'வேலுச்சாமி, வாசலுக்கு வரவும்.' என் கையெழுத்து ஆள் உயரத்துக்குத் தெரியும். எனக்கு அதில் அப்படி ஒரு பெருமை. விருந்தாள் வந்திருப்பார், வீட்டுச் சாவி வேண்டியிருக்கும், மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடியிருக்கும். சில நாள் மட்டும் பெயருக்கு உரிய ஆள் எழுந்து போனதும் பின்னாலேயே பத்துப் பேர் எழுந்து போவார்கள். என்ன என்று கேட்டால் அம்மா, "ஒண்ணுமில்ல, கம்பெனில" என்பாள்.

பிறகு மைக் வந்தது. நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா மைக்கில் ஒரே மூச்சில் மூன்று பெயர்கள் சொன்னார். மூன்றும் ஒரே கம்பெனி ஆட்கள் வீட்டுப் பெயர்கள். கொட்டகையே புரிந்துகொண்டது. எல்லோரும் ஒரே கதவுக்கு ஓடினார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் விழுந்து, அவள் முழங்கையை மிதித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா ஒரு பழக்கம் வைத்தார். சாவி, விருந்தாள் என்றால் மைக். கம்பெனி விஷயம் என்றால் மைக் கூடாது. ஒரு ஆள் டார்ச்சோடு உள்ளே போய், வரிசையைத் தேடி, தோளைத் தொட்டுக் காதில் சொல்லிக் கூட்டி வர வேண்டும். யாரும் மிதிபடக் கூடாது என்று செய்தது. ஆனால் அதில் இருந்து எல்லோரும் டார்ச்சைப் பார்த்துப் பயந்தார்கள். வெளிச்சம் நடைபாதையில் இறங்கினால் பெஞ்சில் இருக்கிற பெண்கள் சேவு மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள். அது தங்கள் வரிசையைத் தாண்டிப் போன பிறகுதான் மறுபடியும் மெல்லுவார்கள். நான் பக்கக் கதவில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

வழக்கமாக டார்ச் எடுத்துப் போகிற மாரிசாமி அண்ணன் அன்றைக்கு வரவில்லை. அதனால் நான்.

உள்ளே நாற்பது பேர்தான் இருந்தார்கள். கதவைத் தாண்டியதும் டார்ச்சை அணைத்துவிட்டேன். ஏன் அணைத்தேன்? மற்றவர்கள் பயப்படக் கூடாது என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா? நீ சிரித்துக்கொண்டிருந்தாய். "வாடி, இந்த சீனப் பாரு" என்று கையைப் பிடித்து இழுத்தாய். இந்த சீன் முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. அடுத்தது பாட்டு. பாட்டில் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நினைத்தது எனக்கே ஞாபகம் இல்லை. உனக்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுக்கிறேன் என்று நினைத்தேனோ, அந்த முகம் மாறுவதைப் பார்க்கிற ஆள் நானாக இருக்கக் கூடாது என்று நினைத்தேனோ. முதலாவது உனக்காக, இரண்டாவது எனக்காக. எது என்று இன்று வரைக்கும் பிரிக்க முடியவில்லை.

நடுவில் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். கதவுத் திரையை விலக்கிக்கொண்டு அப்பா நின்றார். நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். உள்ளே வரவில்லை. திரையை விட்டுவிட்டுப் போய்விட்டார். வாசலில் மாமாவிடம், "இந்தா வந்துரும், இடைவேள ஆகப் போகுது" என்று சொல்லியிருக்கிறார். ஆகவே அப்பா கூட்டத்தில் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, தன்னுடையதைச் சொன்னாரா என்று நான் கேட்டதில்லை.

சேவு நீ கையில் வைத்தாய். வைத்ததால் தின்றேன். எப்படி என்று தெரியவில்லை, பானு. காரம் தெரிந்தது, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஸ்ரீ


மில் விடுதி, வேடசந்தூர்
9 ஜூன் 2024

ஸ்ரீ,

ஆறு வாரம் ஆகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. கோர்வையாக வராது. ஷிப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன், காதுக்குள் இன்னும் மெஷின் ஓடுகிறது.

நீ டார்ச்சை அணைத்ததை நான் பார்த்தேன்.

உங்கள் தியேட்டரில் நான் பாவாடை கட்டிய நாளில் இருந்து படம் பார்க்கிறேன். கதவுத் திரை விலகினால் தன்னால் திரும்பிப் பார்க்கிற தெரு எங்கள் தெரு. வெளிச்சம் வந்தது. உடனே அணைந்தது. பிறகு நீ வந்தாய், இருட்டில், எங்கேயும் தேடாமல், நேராக என்னிடம். மாரிசாமி அண்ணன் அணைக்க மாட்டார். தெரிந்தவர்களிடம் கெட்ட செய்தியோடு வரும்போதுதான் ஒரு ஆள் அணைப்பார்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். வெளிச்சம் வருவதற்கு முன்னால் நான் சிரிக்கவில்லை. அந்த சீனில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. நினைத்துப் பார்.

உன் கையைப் பிடித்து உட்கார வைத்தது நான். சேவை உன் கையில் அள்ளி வைத்ததும் நான். உன் வாய் சும்மா இருக்கக் கூடாது. இருந்தால் நீ சொல்லிவிடுவாய். அவ்வளவுதான் அப்போது எனக்குத் தோன்றியது. நீ தின்று முடிக்க முடிக்க நான் வைத்துக்கொண்டே இருந்தேன். உனக்கு ஞாபகம் இல்லையா?

என் அம்மாவா, மாமாவா, வேறு யாராவதா என்று தெரியாது. தெரியாமலே இருக்க வேண்டும் போல இருந்தது. இல்லை, பொய் எழுதுகிறேன். அம்மாதான் என்று தெரியும். சனிக்கிழமை காலேஜ் இல்லாததால் நானும் அம்மாவோடு கம்பெனிக்குப் போவேன், இரண்டு பேரும் ஜோடியாகப் பாக்கிங்கில் உட்காருவோம். அன்றைக்குத் தலைவலி என்றேன். அம்மாவுக்குத் தெரியும் தலைவலி இல்லை என்று. "படத்துக்குத்தான போற? போ. சீசன் முடியட்டும், நானும் வாரேன்" என்றாள். ஜோடி இல்லாததால் அம்மாவை வெடிமருந்து கலக்கிற ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். அது எனக்கு மறுநாள்தான் தெரியும். ஆனால் உன் டார்ச் அணைந்தபோதே அம்மாதான் என்று தெரிந்துவிட்டது.

மாமா உங்கள் வாசலில் நின்று உன் அப்பாவை ஏசியபோது நான் அவர் பின்னால்தான் நின்றேன். "இல்ல மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமா ஏச ஏச எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு உன்னைப் பார்க்க முடியவில்லை. உன் மேல் கோபம் என்று நீ நினைத்துக்கொண்டாய். கோபமும்தான். நீ சொல்லாததும் நான் கேட்காததும் ஒன்று இல்லை. உனக்குச் செய்தி தெரியும், எனக்குப் பயம் மட்டும்தான் தெரியும். இதை நீ மறக்கக் கூடாது.

மாமாவுக்கு இது தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டார். அம்மாதான் அவரை வளர்த்தாள். அப்பா இல்லாத எனக்கும் போக்கிடம் அந்த ஒரு வீடுதான்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வருகிறேன். அம்மாவின் மாவிளக்கு நேர்ச்சை ஒன்று பாக்கி இருக்கிறது. மாமாவும் வருவார். அங்கே வைத்துச் சொல்கிறேன். நீயும் வா. நான் சொல்லும்போது நீ பக்கத்தில் நின்றால் போதும். அது வரைக்கும் ஊரில் எதுவும் பேசாதே.

பானு


சொர்ணா தியேட்டர்
18 ஆகஸ்ட் 2024

பானு,

நீ வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணியில் இருந்து கோயிலை ஒட்டிய ஆற்று மணலில் நின்றேன். அவ்வளவு கூட்டத்தில் உன்னைத் தவறவிட்டுவிடுவேனோ என்று பயந்து, பொங்கல் வைக்கிற அடுப்புப் புகையில் கண் எரிய எரிய வருகிற முகங்களை எல்லாம் பார்த்தேன். மாமாவும் அத்தையும் பத்து மணிக்கு வந்தார்கள். உன்னைக் கேட்டேன். "லீவு கெடைக்கலியாம், இப்பத்தான் போன் பண்ணுச்சு" என்றார் அத்தை. உனக்காக அவரே மாவிளக்கு போட்டார்.

ஊரில் பேசாதே என்று எழுதியிருந்தாய். இது இருக்கன்குடி, ஊர் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் பங்கைச் சொல்லவில்லை. என் பங்கை மட்டும் சொன்னேன். அப்பா தடுக்கவில்லை மாமா, என்னை அனுப்பினார், நான்தான் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன் என்றேன். கையில் தேங்காயோடு கேட்டார். முடித்த பிறகும் கொஞ்ச நேரம் தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா சொல்லிக் குடுத்தாரா பாப்பா?" என்றார்.

இல்லை என்றேன்.

நேற்றுக் காலை தியேட்டருக்கே வந்துவிட்டார். பத்து மாதத்துக்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கிறார். அப்பாவிடம் நேராகக் கேட்டார்: "அண்ணாச்சி, ஒங்க மக இப்பிடிச் சொல்லுது. நெசமா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்து, "அது அப்பனுக்காகப் பேசுதுய்யா சோலை. சின்னப் புள்ள. நீ மனசுல வச்சுக்காத. நாந்தான்" என்றார்.

"நான் சின்னப் புள்ள இல்லப்பா, இருவத்தோரு வயசு" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னப் பிள்ளைப் பேச்சு என்று தெரிந்தது. மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே சிரித்ததற்காகக் கோபமும் வந்தது. "ஒங்க வீட்டு நாடகத்த நீங்களே வச்சுக்கோங்க" என்று போய்விட்டார்.

அப்பாவிடம் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "என்னைய நாலு பேரு ஏசுனா கொட்டகைக்கு வர மாட்டாக, அம்புட்டுத்தான். ஒன்னைய ஏசுனா நீ எங்க போவ?" என்றார். "அப்ப நீங்க கதவுல நின்னது?" என்றேன். அவர் டிக்கெட் கட்டை எடுத்து நுனியை விரலால் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

கிட்டத்தட்ட ஒரு வருடமாக ஊரில் சொல்லாமல் இருந்தேன். இப்போது சொன்னேன், யாரும் நம்பவில்லை. நம்ப வைக்கக்கூடிய ஒரே ஆள் நீ. இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கவில்லை.

ஸ்ரீ


மில் விடுதி, வேடசந்தூர்
30 ஆகஸ்ட் 2024

ஸ்ரீ,

லீவு கிடைத்தது. அத்தையிடம் பொய் சொன்னேன். மஞ்சள் புடவை எடுத்து வைத்துக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். சாத்தூர் போகிற பஸ் ஒன்று போனது. அடுத்தது வந்தது. கண்டக்டர், "ஏம்மா, ஏறுறியா இல்லியா?" என்றார். இல்லை என்று திரும்பிவிட்டேன். ஆக, நீ கதவுக்கு உள்ளே வந்து உட்கார்ந்தாய், நான் பஸ்ஸுக்கு வெளியே நின்றேன்.

மாமாவிடம் போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். அவர் குரலைக் கேட்டால் எனக்கு வாய் அடைத்துவிடுகிறது. அதனால் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. மாமாவுக்குப் படிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியாது. அவர் பாட்டுக்குத் தெருவில் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லிவிடுவார். அது வேண்டாம்.

நீதான் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் கிழித்துப் போட்டுவிடு. நான் கேட்க மாட்டேன். வாசித்தால் எனக்கு ஊர் இருக்குமா என்று தெரியாது. வாசிக்காவிட்டால் உன் அப்பாவுக்கு எங்கள் தெரு இல்லை. எது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன்னிடம் கொடுத்துவிட்டேன். இது உனக்கு நான் செய்கிற கெடுதலா என்றும் தெரியவில்லை.

பானு


சொர்ணா தியேட்டர்
9 செப்டம்பர் 2024

பானு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்கு வந்தது. மூன்று மணிக்கு மாமாவிடம் வாசித்தேன். நடுவில் நான் எதையும் யோசிக்கவில்லை. யோசித்தால் உட்கார்ந்துவிடுவேன் என்று பயம்.

லோடு ஏற்றிவிட்டு லாரி ஷெட்டில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். பானு கடிதம் என்றதும் எழுந்து உட்கார்ந்தார். 'மாமா, டார்ச் அணைந்தபோதே எனக்குத் தெரியும்' என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. "வாசி" என்றார். வாசித்தேன். முடித்ததும், "இன்னொருவாட்டி வாசி" என்றார். இரண்டாவது தடவை நிற்காமல் வாசித்தேன்.

"தெரிஞ்சேதான் உக்காந்திருந்துச்சா?"

"ஆமா மாமா."

"நீயும்?"

"ஆமா."

"அப்ப ஒங்க அப்பா?"

"கதவு வரைக்கும் வந்து எங்களப் பாத்துட்டுப் போயிட்டாக."

தாளை என் கையில் இருந்து வாங்கினார். படிக்கத் தெரியாதவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத எங்கிட்டச் சொல்லாமலே இருந்திருக்கலாம்ல பாப்பா? ஒத்த ஆள ஏசிக்கிட்டுக் கெடந்தேன். இப்ப மூணு பேரா ஆக்கிட்டீக." பிறகு, "நாலு. கை காலுலதான் காயம்னு வந்து சொன்னவன் நான்லா? ஒரு சத்தம் போட்டுட்டு உள்ள நொழஞ்சிருந்தா யாரு தடுத்திருப்பா?" என்றார்.

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அதை அவர் திருப்பித் தரவில்லை. நான் நாலு எட்டு நடந்த பிறகு கூப்பிட்டார். "தீவாளிக்காச்சும் அந்தப் புள்ளைக்கு லீவு விடுவாகளா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் எதற்குக் கேட்டார் என்றும் எனக்குத் தெரியாது. கேட்டதை அப்படியே எழுதிவிட்டேன்.

அன்று சாயங்காலம் மாமா வந்து டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பா வெளியே வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வீட்டுக்குள் போய்விட்டேன். சுவர் வழியாகப் படத்தின் சத்தம்தான் கேட்டது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மதியக் காட்சிக்கு உங்கள் தெருவில் இருந்து பதினொரு பேர் வந்தார்கள். உன் அத்தை வந்தார். மாமா வரவில்லை. டார்ச் அப்பாவின் மேசைமேல் இருந்தது. யாரையும் தேடி யாரும் வரவில்லை. இடைவேளை மூன்று நாற்பத்தைந்துக்கு விட்டோம்.

ஸ்ரீ